நிழல் கலந்த வெயில்

பல்செட்டுக்காரருக்கு வெட்கம் ஒரு வியாதி மாதிரி. தனக்காக வெட்கப்பட்டு முடித்த பிறகும் கொஞ்சம் மீந்துவிடும். அதை ஊராருக்காகச் செலவழிப்பார். பேருந்தில் யாராவது தும்மினால் இவர் மன்னிப்புக் கேட்பார். வாங்கிய குடை முதல் மழையிலேயே ஒழுகினால், தன்னைப் பார்த்துக் கடைக்காரர் சங்கடப்படுவாரே என்று அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிடுவார். ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஓர் இருட்டறை. அதில் உட்கார்ந்து, பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்தும், நேரில் வருகிறவர்களுக்கு அளவெடுத்தும் பொய்ப்பல் செய்வது அவர் தொழில். நகரத்தில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அவருடைய அக்கா நேர் எதிர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை நகரப் பேருந்தில் கண்டக்டராக நின்றவள். ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து விசில் ஊதித்தான் தம்பியைக் கூப்பிடுவாள். ஒரு விசில் என்றால் செய்கிற வேலையை நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பி மேலே வா. பல் அளவு கொடுக்க வந்தவர்கள் வாயைத் திறந்தபடியே திடுக்கிடுவார்கள். பல்செட்டுக்காரர் காது மடல் சிவக்க மேலே ஏறுவார்.

அக்காவும் ஒரு காலத்தில் இறங்கி ஏறிக்கொண்டுதான் இருந்தாள். நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு லிஃப்ட்தான் கால். அந்தக் காலையும் ஒரு நாள் எடுத்துவிட்டார்கள். பேட்டைக்கு மின்சாரம் போதவில்லை, ஆகவே பழைய கட்டடங்களின் லிஃப்ட்டுகளுக்கு இணைப்பு கிடையாது, சொந்தமாக மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும் கட்டடத்தார் தாராளமாக ஓட்டிக்கொள்ளலாம் என்று நகர மின்துறை அறிவித்துவிட்டது. அக்கா ஐந்தாம் மாடியில் தங்கிப்போனாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. "காலமெல்லாம் நின்னுக்கிட்டே போனேன்டா. ஒரு தடவை டிக்கெட் வாங்கிக்கிட்டு, ஜன்னலோரம் உக்காந்து, எவனையும் உள்ள தள்ளிப் போகச் சொல்லாம போயிட்டு வரணும்."

பல்செட்டுக்காரர் அன்றைக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். மொட்டை மாடியில்தான் இவ்வளவு வெயில் வீணாய்ப் போகிறதே, அதைப் பிடித்து லிஃப்ட்டை ஓட்டிவிடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வாழ்க்கையில் அவர் கொடுத்த முதல் வாக்கு அதுதான். பழக்கமில்லாதவர்கள் வாக்குக் கொடுக்கக் கூடாது.

சூரிய மின்சாரத்துக்கென்றே நகரத்தில் ஒரு வாரியம் இருந்தது. ஒளி வாரியம் என்று பெயர். அதன் தலைமை அலுவலகம் ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில், தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெயில் பட்டால் கோப்புகள் வெளுத்துவிடும் என்று இயக்குநரே இடத்தைத் தேடிப் பிடித்தாராம். பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிந்தன. சுவர் நிறையச் சூரியன் படங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைக்குமேல் தனியாக ஒரு சின்ன விளக்கு.

பல்செட்டுக்காரர் கூச்சத்தோடு தன் தேவையைச் சொன்னார். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பாதியிலேயே நிறுத்தினார்.

"உங்க மாடியில வெயில் இருக்குன்னு யார் சொன்னது?"

"நாந்தாங்க... துணி காயப்போடுவோம். காயுதுங்க."

"துணி காத்துலகூடத்தான் காயும்."

அவருக்குத் தலை குனிந்துவிட்டது. இத்தனை வருஷம் காற்றைத்தான் வெயில் என்று நம்பிக்கொண்டிருந்தோமோ என்று ஒரு கணம் நினைத்தார். வாரியம் அவர் பேச்சை மட்டும் நம்பி இறங்க முடியாது, ஆய்வாளர் வந்து பார்த்து 'வெயில் இருப்புச் சான்று' கொடுத்தால்தான் மேற்கொண்டு நடக்கும் என்று அந்த அம்மாள் அன்பாகவே விளக்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு அது நன்றாகவே கேட்டது.

ஆய்வாளர் ஒரு நாள் வந்தார். பருத்த உடம்பு, பழகுவதற்கு இனிமையானவர், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. எப்போது வெயில் தாழும் என்று காத்திருந்து ஓடி வருவதாகச் சொன்னார். பகலில் வர முடியாதா என்று பல்செட்டுக்காரர் மெதுவாகக் கேட்டதற்கு, அவ்வளவு வெயிலில் எப்படி வருவது, உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று நியாயமாகவே கேட்டார். மொட்டை மாடிக்குப் போய்ப் பெட்டியிலிருந்து வெயிலை அளக்கும் மானியை எடுத்து நீட்டினார். முள் அசையவில்லை. தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். மேற்கே வானத்தில் சிவப்பாக ஓர் ஓரம் மட்டும் மிச்சமிருந்தது.

"இப்பத்தாங்க போச்சு" என்றார் பல்செட்டுக்காரர்.

"நாங்க வர்ற நேரத்துல இல்லேன்னா, இல்லேன்னுதானே சார் எழுதணும்? வேலைக்கு வராதவனுக்கு ஹாஜர் போட முடியுமா?"

'மேற்படி கட்டடத்தில் வெயில் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பரீட்சையில் தேறாத பிள்ளையின் அப்பாவைப் போலப் பல்செட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். சூரியன் தன் வீட்டுப் பையன் என்பதுபோலவும், கண்டித்து வளர்க்காதது தன் குற்றம் என்பதுபோலவும் இருந்தது அவருக்கு. அக்காவிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னொரு தடவை போய்க் கேட்கச் சொன்னாள்.

இதற்குள் செய்தி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. இரண்டாம் மாடியில் குடியிருப்பவர்தான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கூட்டத்தில் யார் எழுந்து வணக்கம் சொன்னாலும் முதலில் "எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்பார். அதனால் ஆட்சேபணை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் எழுந்தார். வெயில் பொதுச் சொத்து, ஐந்தாம் மாடிக்காரர்கள் முதலில் எடுத்துக்கொண்டால் அவர்கள் உபயோகித்த மிச்சம்தான் இரண்டாம் மாடிக்கு வருமா என்று கேட்டார். எல்லோரும் யோசித்தார்கள். பல்செட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஆனாலும் விடவில்லை. அவர் விடாமல் நடந்தது அவருக்கே ஆச்சரியம். கவுன்ட்டருக்கு முன்னால் போய்ப் போய்ச் சிவந்து, கடைசியில் நடுப்பகல் ஆய்வுக்கு உத்தரவு வாங்கிவிட்டார். நடுப்பகல் ஆய்வு என்றால் அதற்குத் தனி விதி. ஊழியர் நலன் கருதி, வெயிலை அளக்கப் போகும் ஆய்வாளர்மேல் வெயில் படக் கூடாது. ஆகவே இரண்டு சிப்பந்திகள் ஒரு பெரிய குடையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள். மானி அரசாங்கச் சொத்து, ஆய்வாளரின் கையை விட்டு அகலக் கூடாது என்பது இன்னொரு விதி. குடை நிழலில் ஆய்வாளர், ஆய்வாளர் கையில் மானி. மொட்டை மாடி முழுக்க வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. குடைக்கடியில் முள் சற்றே சிணுங்கியது.

கொஞ்சம் கையை வெளியே நீட்டினால் தேவலை என்றார் பல்செட்டுக்காரர். ஆய்வாளர் விரல் நுனியை நீட்டினார், சுட்டது, இழுத்துக்கொண்டார். ஆனால் மனிதர் நேர்மையானவர். சுட்டதைச் சுடவில்லை என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. சான்று இப்படி வந்தது: 'நிழல் கலந்த வெயில், இரண்டாம் தரம்.'

இரண்டாம் தரம் என்பதை மட்டும் அக்காவிடம் மறைத்துவிட்டார். அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே விசில் ஊதிச் சொல்வாள்.

சூரியத் தகடுகள் வந்து இறங்கிய நாளில் அக்கா பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தூக்குகிறவர்களுக்கெல்லாம் வழி சொன்னாள். "முன்னால இருக்கறவங்க ஏறுங்கப்பா, படியில நிக்காதீங்க" என்று அவள் குரல் மேலும் கீழும் போயிற்று. லிஃப்ட் இன்றைக்கே ஓடுமா என்று தம்பியைக் கேட்டாள். ஓரிரு நாளில் என்றார் தம்பி. அன்று சாயங்காலமே வெளியில் போட்டுக்கொள்ளும் நல்ல உடையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்த பல்செட்டுக்காரருக்கு மட்டும் என்னவோபோல் ஆயிற்று. தகடுகளைச் சூரியனைப் பார்த்துச் சாய்க்காமல், சினிமாத் திரைபோல நெட்டுக்குத்தாக, பெரிய சாலையைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். படுக்கவைத்தால் காக்காய்க்கு மட்டும்தான் தெரியும், வரி கட்டும் ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா என்று காரணம் சொன்னார் ஆய்வாளர். சரி, அதிலும் ஓரளவு வெயில் படுமே என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது அடுத்த லாரி வந்தது. அதில் வந்தது விளம்பரப் பலகை. மாடியின் தெற்கு விளிம்பு முழுவதற்கும் ஒரே பலகை. இயக்குநரின் முகம், பக்கத்தில் அவர் முகத்தைவிடச் சற்றுச் சிறிதாகச் சூரியன், கீழே 'சூரியனை வீட்டுக்கு அழைப்போம்' என்ற வாசகம். இயக்குநரின் காது நிழலில் மூன்று தகடுகள் அடங்கின. மற்றவை அவர் நெற்றி நிழலில் இருந்தன.

பல்செட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். செருமியதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு, நிழல் விழுகிறதே என்றார்.

"நிழல் விழுதுன்னா என்ன சார் அர்த்தம்? வெயில் அடிக்குதுன்னுதானே. இதைவிட அத்தாட்சி உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் ஆய்வாளர்.

இணைப்பெல்லாம் கொடுத்து லிஃப்ட் பொத்தானை அமுக்கினார்கள். உள்ளே விளக்கு ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. அவ்வளவுதான். தொடக்க விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

விழா அன்று காலை கட்டடத்தின் பின்பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. அதன் உடம்பெல்லாம் சிரிக்கும் சூரியன்கள் வரைந்திருந்தன. உள்ளே டீசல் ஜெனரேட்டர். அதிலிருந்து தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று சுவர் வழியாக ஏறி லிஃப்ட் அறைக்குள் போயிற்று. அது இரைவது கேட்காமலிருக்க, பக்கத்திலேயே நாலு ஒலிபெருக்கிகளும் ஒரு பேண்டு வாத்தியக் குழுவும். வாசனைக்கு என்ன செய்வது என்று வாரியம் யோசிக்க மறந்துவிட்டது. கட்டடத்தில் குடியிருந்த ஒருவர் பாக்கி இல்லாமல் அந்த வாசனையை முகர்ந்தார்கள். முகர்ந்துகொண்டே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஆட்சேபணைக்கு முதல் வரிசையில் இடமும் தலையில் ஒரு மஞ்சள் தொப்பியும் கொடுத்திருந்தார்கள். வரலாற்றிலேயே முதல் தடவையாக அவருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அக்கா மட்டும் ஐந்தாம் மாடியில், லிஃப்ட் கதவருகே, இஸ்திரி போட்ட உடையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். அங்கே வாசனை எட்டவில்லை.

ஆய்வாளர் பல்செட்டுக்காரரை ஓரமாக அழைத்துப்போனார். 'சூரியச் செம்மல்' என்று பொறித்த, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பதக்கத்தை அவர் கழுத்தில் மாட்டினார். பயனாளி என்ற முறையில் ஒரு சில வார்த்தை பேச வேண்டும் என்றார்.

"லிஃப்ட் ஓடறது அந்த வேன்ல..." என்று ஆரம்பித்தார் பல்செட்டுக்காரர்.

"இன்னைக்கு மட்டுந்தான் சார். இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சா நாளைக்கே பலகையை நகர்த்திடலாம். இன்னைக்கு நீங்க வாயைத் திறந்தீங்க, ஃபைல் திரும்ப துணி காயப்போடறதுலேர்ந்து ஆரம்பிக்கும். அக்காவை நினைச்சுப் பாருங்க."

அக்காவைத்தான் நினைத்தார். அதோடு, சொன்னால் அசிங்கம், பதக்கம் கொஞ்சம் கனமாகவும் பளபளப்பாகவும் இருந்ததை அவர் கழுத்து கவனித்தது.

இயக்குநர் மேடை ஏறினார். அவர் வாயைத் திறந்ததுமே பல்செட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேல்வரிசைப் பல் தன்னுடைய கைவேலை. எந்த மருத்துவர் வழியாகவோ போய்ச் சேர்ந்திருக்கிறது. கடைவாய்ப் பக்கம் தான் இழைத்து விட்ட வளைவுகூட அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சொல்லும் பல்செட்டுக்காரர் செய்த பல்லில் பட்டுத்தான் வெளியே வந்தது.

"நண்பர்களே, சூரியன் இந்த நகரத்தில் எத்தனையோ காலமாக எந்த அனுமதியும் பெறாமல் வேலை செய்துவந்தது. அதை முதன்முதலாக ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது எங்கள் வாரியம். நாங்கள் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒரு நாள்கூடச் சூரியன் உதிக்கத் தவறியதில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களால் இதற்கு உத்தரவாதம் தர முடிந்ததா? சிலர் கேட்கிறார்கள், எவ்வளவு மின்சாரம் வந்தது என்று. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாத பொருள். தெரியாத ஒன்றைக் கேட்கிறவர்களுக்குத் தெரிகிற ஒன்றைக் காட்டுவதுதான் நல்ல நிர்வாகம். அதோ, மேலே பாருங்கள்."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். அங்கேயும் அவரே தெரிந்தார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று.

பிறகு லிஃப்ட் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள்.

ஒரு கணம் வாசலில் நின்று, நெற்றியில் கையை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தாள். புகைப்படக்காரர்கள் மொய்த்தார்கள். அவர்களை "வழி விடுங்க, வழி விடுங்க" என்று விலக்கிக்கொண்டே, கூட்டத்துக்குப் பின்னால் வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீசல் வாசனை பேருந்திலேயே பழகிப்போனது, அவளுக்கு உறைக்கவில்லை. மேடையில் ஒலிவாங்கியைத் தம்பி கையில் கொடுத்திருந்தார்கள். தம்பி பேசுவதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பல்செட்டுக்காரர் அவளைப் பார்த்தார். ஒலிபெருக்கிக்கு அப்பால் ஜெனரேட்டர் இரைவது மேடைக்குக் கேட்டது. அக்கா, மேலே போய்விடு, வேன் போவதற்குள் ஏறிவிடு என்று சொல்ல அந்த ஒலிவாங்கியே போதும். ஊரே கேட்கும். ஊர் கேட்குமே என்பதுதான் சங்கடம். இத்தனை பெரிய மனிதர்களை, இத்தனை பேர் முன்னால், எப்படித் தலைகுனிய வைப்பது?

அவர் பேசினார். சூரியனுக்கு நன்றி சொன்னார், வாரியத்துக்கு நன்றி சொன்னார். இனி என் அக்கா நினைத்தபோது இறங்கலாம், நினைத்தபோது ஏறலாம் என்றார். ஆச்சரியம், குரல் நடுங்கவில்லை. முகம்கூடச் சிவக்கவில்லை. எல்லோரும் தட்டினார்கள். அக்கா தூணை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினாள். பிறகு தம்பிக்குக் கையசைத்து, பேருந்து நிறுத்தத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, சிறுபிள்ளை மாதிரி அவசரமாக, விந்தி விந்தி நடந்து போனாள். அவர் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் கேபிளைச் சுருட்டினார்கள். வேன் போயிற்று. நாளைக்கு வருகிறேன் என்று ஆய்வாளர் சொல்லவில்லை, பல்செட்டுக்காரரும் கேட்கவில்லை. குடியிருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நாற்காலிகளை மடக்கிவிட்டு மேலே போனார்கள். அவர் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றார்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா வந்து இறங்கினாள். இளம் கண்டக்டர் பெண் ஒருத்தி கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அக்காவின் முகத்தில் காற்று அடித்த களை இருந்தது, தலைமுடி கலைந்திருந்தது.

"கடைசி ஸ்டாப்பிங் வரைக்கும் போயிட்டு எறங்காமலே திரும்பி வந்தேன்டா. அந்தப் பக்கம் கடல் தெரியுது, உனக்குத் தெரியுமா? காலமெல்லாம் அந்த வழியாப் போயிருக்கேன், ஜனங்க முதுகைத்தான் பார்த்திருக்கேன். நாளைக்கும் வர்றேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

பல்செட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "லிஃப்ட் ஓடாதுக்கா."

"ஏன், வெயில் போயிடுச்சா? அதனால என்ன, காலையில..."

"காலையிலயும் ஓடாது. வேன்ல ஜெனரேட்டர் வெச்சு ஓட்டினாங்க. வேன் போயிடுச்சு."

அக்கா பேருந்து கிளம்பிப் போகும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பேசறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றப் போனார். "கழட்டாதே" என்றாள் அக்கா. "மேல போற வரைக்கும் போட்டுக்க."

முதல் மாடிக்கு ஏறவே அவளுக்கு மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மற்றதை இழுத்து, மூச்சை விட்டு, மறுபடி ஒரு காலை வைத்து ஏறினாள். அவர் பின்னால் வந்தார். பதக்கம் ஒவ்வொரு படிக்கும் சட்டைப் பொத்தானில் இடித்து ஓசை எழுப்பிற்று. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. யாரோ வருகிற சத்தம் கேட்டால் எட்டிப்பார்க்கும் கட்டடம் அது. அன்றைக்கு யாரும் எட்டிப்பார்க்கவில்லை. ஆட்சேபணை வீட்டு வாசலில் மஞ்சள் தொப்பி கிடந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது, செருப்பு இருந்தது.

நான்காம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலச் செய்தி ஆரம்பமாகியிருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பல்செட்டுக்காரருக்கு அது யார் குரல் என்று உடனே தெரியவில்லை. அவ்வளவு கணீரென்று இருந்தது. சூரியனுக்கு நன்றி சொல்லிற்று. பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் அதே குரல், ஒரு சொல் பிந்தி. 'இனி என் அக்கா நினைத்தபோது இறங்கலாம்...'

அக்கா நின்றாள். முட்டிக்காக நிற்கிறாள் என்று நினைத்து அவர் தோளைக் கொடுக்கப் போனார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டாள். பேச்சு முடிந்து, கைதட்டல் எழுந்து, அதுவும் அடங்கும் வரை கேட்டாள்.

"நல்லாப் பேசியிருக்கே" என்றாள். "இந்தக் கைதட்டுல என்னுதும் இருக்குடா."

காலையில் மேடையில் சிவக்க மறந்த முகம் அப்போது சிவந்தது. காது மடல், கழுத்து, பதக்கத்தின் நாடா அழுத்தியிருந்த பிடரி எல்லாம் எரிந்தன. உள்ளே யாரோ அவசரமாகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

இன்னும் ஒரு மாடி இருந்தது. அக்கா தானாகவே அவர் தோளில் கையைப் போட்டு, உடம்பின் பாரத்தை அதில் இறக்கினாள்.

"போலாம், ரைட்" என்றாள். தெருமுனை வரை கேட்கும் குரல் அவளுக்கு. அது அவருக்கு மட்டும்தான் கேட்டது.